வாசகர் கேள்வி–பதில்: எரர் வந்தால்தான் வெளியே வரும் பக்குகள்

லினக்ஸ் கெர்னலில் வட்டு, எஸ்எஸ்டி, கன்ட்ரோலர் டிரைவர்களைப் பராமரிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், எரர் கையாளும் பகுதியைப் பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். டிரைவர் நிரலில் மிகக் குறைவாக ஓடுவது அந்தப் பகுதிதான். அது தவறினால் இழப்பது பயனரின் தரவு.

கேள்வி: எங்கள் பிசிஐ (கணினியோடு சாதனங்களை இணைக்கும் பஸ்) டிரைவரின் புரோப் (சாதனத்தைத் தயார்செய்யும் ஃபங்ஷன்) பாதியில் தோற்றால் ‘ரெட்’ மாறியைத் திருப்பிவிட்டு வெளியேறுகிறோம். ஆனாலும் சில கணினிகளில் மாட்யூலைக் கழற்றும்போது ரிமூவ் (புரோப் செய்ததை அவிழ்க்கும் ஃபங்ஷன்) ஓடி, கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேர்ந்த பிழையின் அறிக்கை) வருகிறது. புரோப் தோற்றால் ரிமூவ் ஓடாது அல்லவா?

பதில்: புரோப் மைனஸ் எண்ணைத் திருப்பியிருந்தால் ஓடாது. வெளியேறிய நேரத்தில் உங்கள் ‘ரெட்’டில் என்ன இருந்தது என்று முதலில் பாருங்கள்.

பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ், கிடைத்த ஐஆர்க்யூ (சாதனம் சிபியுவை அழைக்கும் இன்டரப்ட்) வெக்டர்களின் எண்ணிக்கையைத் திருப்பும். 4 கிடைத்தால் ரெட்டில் 4 இருக்கும். அடுத்து நினைவகம் கேட்கும் ஒரு கேஇசட்அலாக். அது ‘நல்’ பாயின்டரைத் திருப்பியதும் கோ-டூ போட்டு வெளியேறுகிறீர்கள். ஆனால் அந்த இடத்தில் ரெட்டுக்கு மைனஸ் ஈநோமெம் (‘நினைவகம் இல்லை’ என்னும் எரர் எண்) வைக்கவில்லை. புரோப் 4ஐத் திருப்புகிறது. பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண் வந்தால் பிசிஐ அடுக்கு ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். ரெட்டில் 0 மிச்சமிருந்தால் எச்சரிக்கைகூட வராது. கெர்னலைப் பொறுத்தவரை டிரைவர் பொருந்திவிட்டது. நீங்களோ எல்லாவற்றையும் விடுவித்துவிட்டீர்கள். பிறகு ரிமூவ் ஓடும்போது, விடுவித்ததையே மறுபடி விடுவிக்கிறது.

ஒவ்வொரு கோ-டூவுக்கும் நேர் மேலே ரெட்டுக்கு மதிப்பு வையுங்கள். அறிவிக்கும் வரியிலேயே ரெட்டுக்கு 0 கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். ‘மதிப்பு வைக்கப்படவில்லை’ என்று கருவிகள் சொல்ல வாய்ப்பிருக்கும் எச்சரிக்கையை அது மறைத்துவிடுகிறது. இந்த வகைப் பக்கை ‘மிஸ்ஸிங் எரர் கோட்’ என்ற எச்சரிக்கையோடு பிடிக்க ஸ்மாட்ச் என்ற நிரல் ஆய்வுக் கருவி இருக்கிறது. டிரைவர் கோப்பு ஒவ்வொன்றின்மீதும் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ரெட் வைக்கும் இன்னொரு இடத்தையும் பாருங்கள். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ போன்றவை மைனஸ் எண்ணைத் திருப்பக்கூடியவை. அதை அன்சைன்ட் (மைனஸ் எண் ஏற்காத) மாறியில் வாங்கி, ‘பூஜ்யத்துக்குக் குறைவா’ என்று கேட்டால் பதில் ஒருபோதும் ‘ஆம்’ ஆகாது. சோதனை வரி இருப்பதால் மறுஆய்வு செய்பவர் கண்ணுக்கும் இது எளிதில் தப்பிவிடும்.

கேள்வி: கோ-டூ லேபிள்களை எந்த வரிசையில் வைப்பது? கடைசியில் ஒரே லேபிள் வைத்து, ‘இருந்தால் விடுவி’ என்று எழுதினால் போதாதா?

பதில்: ஒரே லேபிள் முறையில்தான் பக்குகள் அதிகம் பார்க்கிறோம். அந்த லேபிளுக்கு வரும்போது எது தயாராகியிருந்தது, எது ஆகவில்லை என்பது அங்கே தெரியாது. ஐஆர்க்யூ இன்னும் பதிவாகாத நிலையில் ஃப்ரீ_ஐஆர்க்யூ அழைக்கப்படும். தொடங்காத டைமரை நிறுத்தப் பார்க்கும்.

சாதனத்தை இயக்குதல், ரீஜன்களைக் கோருதல், ஐஓமேப், ஐஆர்க்யூ வெக்டர்கள், ஐஆர்க்யூ பதிவு, டேக்-செட் (ரிக்வெஸ்ட்களுக்கான அடையாள எண்களின் தொகுப்பு), டிஸ்க், கடைசியாக ஆட்_டிஸ்க் என்று ஏறினால், லேபிள்கள் அப்படியே தலைகீழாக இறங்க வேண்டும். லேபிளுக்கு ‘எர்1’, ‘எர்2’ என்று எண் கொடுக்காதீர்கள். அது எதை விடுவிக்கிறதோ அந்தப் பெயரையே வையுங்கள்: ‘ஃப்ரீ_டேக்செட்’, ‘அன்மேப்_பார்’. நடுவில் ஒரு படி புதிதாகச் சேர்க்கும்போது எண்கள் குழம்பும், பெயர் குழம்பாது. தோற்ற படியை விடுவிக்கக் கூடாது, அதற்கு முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே பொது விதி.

விதிக்கு விலக்கு இரண்டு நினைவில் இருக்கட்டும். டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்றாலும் புட்_டிவைஸ் அழைத்தே ஆக வேண்டும். ஏனென்றால் உள்ளே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அங்கே நேரடியாக கேஃப்ரீயால் நினைவகத்தை விடுவிப்பது தவறு. அடுத்தது ஆட்_டிஸ்க். 2021இல் வந்த 5.15 பதிப்புக்கு முன் அது எதையும் திருப்பாது. இப்போது எரர் எண் திருப்புகிறது. பழைய டிரைவர்களைப் புதுக் கெர்னலுக்குக் கொண்டுவருபவர்கள் அந்த மதிப்பைப் பார்க்காமல் விடுகிறார்கள். அது தோற்றால் புட்_டிஸ்க் மட்டும் போதும். டெல்_ஜென்டிஸ்க் என்பது ஆட்_டிஸ்க் வென்ற பிறகு மட்டுமே அழைக்க வேண்டியது.

கேள்வி: ‘நல்’ சோதனை போட்டிருந்தும் பாயின்டரைத் தொட்டவுடன் ஊப்ஸ். முகவரி முழுக்க எஃப் எழுத்துகளாக இருக்கிறது. ஏன்?

பதில்: அந்த முகவரியிலேயே விடை இருக்கிறது. 64 பிட் கெர்னலில் 15 எஃப் எழுத்துகளும் கடைசியில் 4ம் இருந்தால், அது மைனஸ் 12, அதாவது ஈநோமெம். எரர் எண்ணையே பாயின்டராக மாற்றித் திருப்பும் ஃபங்ஷனை ‘நல்’லோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ரக்சரின் நடுவிலுள்ள உறுப்பைத் தொட்டிருந்தால் முகவரி வேறு மாதிரி தெரியும். மைனஸ் 12உடன் 32 பைட் ஆஃப்செட் சேர்ந்தால் 20 ஆகிவிடும். சாதாரண ‘நல்’ பிழைபோலவே காட்சியளித்து ஏமாற்றும்.

கெர்னல், முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகளை எரர் எண்களுக்கென ஒதுக்கியிருக்கிறது. இஸ்_எர் என்ற சோதனை பார்ப்பது அந்த எல்லையை மட்டுமே. ஆகவே ‘நல்’ பாயின்டரை இஸ்_எர் எரர் என்று சொல்லாது. எரர் பாயின்டரை ‘நல்’ சோதனை பிடிக்காது. எது எதைத் திருப்பும் என்பதை ஊகிக்காமல், ஃபங்ஷனின் மூலத்தைத் திறந்து பாருங்கள். ஐஓரீமேப், டெவ்எம்_ஐஓரீமேப், கேமல்லாக், அலாக்_ஒர்க்க்யூ, டிஎம்ஏ_பூல்_கிரியேட் ஆகியவை ‘நல்’ தருபவை. டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், கேத்ரெட்_ரன், டிவைஸ்_கிரியேட், பிஎல்கே_எம்க்யூ_அலாக்_டிஸ்க் ஆகியவை எரர் பாயின்டர் தருபவை. டெவ்எம்_ஐஓரீமேப்புக்கும் அதன் ‘ரிசோர்ஸ்’ வடிவத்துக்கும் பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. ஒன்றை மாற்றி மற்றொன்றைப் போட்ட பேட்ச்களில் சோதனை வரியை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கிறது.

‘இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்’ என்று இஸ்_எர்_ஆர்_நல் போடுவது தீர்வாகாது. உள்ளே ‘நல்’ வந்து, பாயின்டரை எரர் எண்ணாக்கும் பிடிஆர்_எர் மதிப்பைத் திருப்பினால் அது 0, அதாவது வெற்றி. மீண்டும் முதல் கேள்வியின் பக்குக்கே வந்து நிற்பீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் டெவ்எம் (கெர்னலே தானாக விடுவிக்கும்) வகைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

பதில்: எல்லாவற்றையும் மாற்றினால் பெரும்பகுதி தீரும். பாதி மாற்றினால் புதுத் தொல்லை. டெவ்எம் வளங்கள் ரிமூவ் முடிந்த *பிறகு*, வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவிக்கப்படும். டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ போட்டுவிட்டு, தனிப்பட்ட ஸ்ட்ரக்சரை ரிமூவில் கேஃப்ரீ செய்தால், இன்டரப்ட் ஹேண்ட்லர் சிறிது நேரம் விடுவித்த நினைவகத்தோடு உயிரோடு இருக்கும். பகிரப்பட்ட ஐஆர்க்யூ லைனில் வேறொரு சாதனம் அந்த இடைவெளியில் இன்டரப்ட் எழுப்பினால் போதும். கெர்னலின் டீபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ அமைப்பை இயக்கினால், பகிர்ந்த ஐஆர்க்யூவை விடுவிக்கும்போது ஹேண்ட்லரைக் கூடுதலாக ஒருமுறை அழைத்துப் பார்க்கும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசானும் சேர்ந்திருந்தால் இந்தப் பக் உடனே சிக்கும்.

கேள்வி: வட்டு ரிக்வெஸ்டை டிரைவர் வாங்கிக்கொள்ளும் க்யூ_ஆர்க்யூ ஃபங்ஷனில் நினைவகம் கிடைக்காவிட்டால் மைனஸ் ஈநோமெம் திருப்புகிறோம். நினைவக நெருக்கடி வந்தால் பயன்பாடுகளுக்கு ஈஐஓ (உள்ளீடு-வெளியீட்டு எரர்) போகிறது. கெர்னலே மறுமுயற்சி செய்யாதா?

பதில்: செய்யும், அதற்குப் புரியும்படி சொன்னால். க்யூ_ஆர்க்யூ திருப்ப வேண்டியது எரர் எண் அல்ல. பிளாக் அடுக்கு (வட்டுகளைக் கையாளும் கெர்னல் பகுதி) எதிர்பார்க்கும், 8 பிட் அகலமுள்ள நிலைக் குறியீடு. மைனஸ் 12ஐ 8 பிட்டில் அடைத்தால் 244. அப்படி ஒரு நிலை பட்டியலில் இல்லாததால், பிளாக் அடுக்கு ஒரே ஒருமுறை எச்சரித்துவிட்டு ஈஐஓ ஆக்கி ரிக்வெஸ்டை முடித்துவிடும். சில மில்லிசெகண்டில் சரியாகியிருக்கக்கூடிய தற்காலிகத் தட்டுப்பாடு, கோப்பு முறைமைக்கு வட்டுக் கோளாறாகப் போய்ச் சேர்கிறது. ஸ்பார்ஸ் கருவியோடு கம்பைல் செய்தால் இந்த வகைக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும்.

தட்டுப்பாட்டுக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. ‘ரிசோர்ஸ்’ திருப்பினால், தேவைப்பட்டால் ஒரு சிறு தாமதத்துக்குப் பிறகு பிளாக் அடுக்கே க்யூவை மீண்டும் ஓட்டும். ‘டெவ்_ரிசோர்ஸ்’ திருப்புவது நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி: சாதனத்தில் வேலைகள் நிலுவையில் உள்ளன, அவற்றில் ஒன்று முடியும்போது க்யூ தானாக ஓடும் என்று பொருள். நிலுவையில் எதுவுமே இல்லாதபோது டெவ்_ரிசோர்ஸ் திருப்பினால் க்யூவை எழுப்ப ஆளிருக்காது, வட்டு தொங்கிவிடும். ஐயம் இருந்தால் ரிசோர்ஸ் போடுங்கள்.

ஐஓஎர் போன்ற நிரந்தர எரரைத் திருப்பினால் ரிக்வெஸ்டை முடிப்பது பிளாக் அடுக்கின் வேலை. நீங்களும் பிஎல்கே_எம்க்யூ_எண்ட்_ரிக்வெஸ்ட் அழைத்திருந்தால் ஒரே ரிக்வெஸ்ட் இருமுறை முடிகிறது; அந்த டேக் அதற்குள் வேறொரு ரிக்வெஸ்டுக்குப் போயிருந்தால் முடிவது அடுத்தவருடையது. தோற்று வெளியேறும்முன், நீங்கள் செய்த டிஎம்ஏ (சாதனம் நினைவகத்தை நேரடியாக அணுகுவது) மேப்பிங்கை அவிழ்க்கவும் மறக்காதீர்கள். ஒவ்வொரு மறுமுயற்சியும் ஒரு மேப்பிங்கைக் கசியவிட்டால், தட்டுப்பாடு தானே பெருகிக்கொண்டு போகும்.

இதே பாதையில் நினைவகம் கேட்கும்போது ஜிஎஃப்பி_கெர்னல் (காத்திருந்தாவது நினைவகம் பெறும் வகை) கூடாது. நினைவகத்தை விடுவிக்கக் கெர்னல் அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் வட்டுக்குப் போகாதவை) வட்டில் எழுதப் பார்க்கும். எழுத வேண்டியது உங்கள் டிரைவர். அதுவோ நினைவகத்துக்குக் காத்து நிற்கிறது. தூங்கலாம் (காத்திருக்கலாம்) என்ற இடத்தில் ஜிஎஃப்பி_நோஐஓ, கூடாத இடத்தில் ஜிஎஃப்பி_அட்டாமிக் போடுங்கள். கட்டாயம் கிடைத்தே ஆக வேண்டியவற்றுக்கு முன்கூட்டியே மெம்பூல் (ஒதுக்கிவைத்த நினைவகம்) வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஎம்ஏ மேப்பிங் தோற்றதா என்பதை முகவரி 0ஆ என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. 0 சரியான டிஎம்ஏ முகவரியாகவும் இருக்கலாம். டிஎம்ஏ_மேப்_சிங்கிள் என்றால் டிஎம்ஏ_மேப்பிங்_எரர் கொண்டுதான் கேட்க வேண்டும். பல துண்டுகளைச் சேர்த்து மேப் செய்யும் டிஎம்ஏ_மேப்_எஸ்ஜி மட்டும் தோற்றால் 0 திருப்பும். அது திருப்பும் எண்ணிக்கை கொடுத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். அவிழ்க்கும்போது முதலில் *கொடுத்த* எண்ணிக்கையைத்தான் தர வேண்டும். டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் இயக்கினால் இவை எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வரும்.

கேள்வி: டைம்-அவுட் வந்து கன்ட்ரோலரை ரீசெட் செய்தபின், தொடர்பே இல்லாத புரோகிராம்களின் நினைவகம் கெட்டுப்போகிறது. ரீசெட் நிரலில் என்ன தேடுவது?

பதில்: வரிசை. மற்றெல்லாவற்றுக்கும் முன் அதைப் பாருங்கள்.

ரிக்வெஸ்டுக்கு இயல்பான காலக்கெடு 30 விநாடி. அது கடந்து ஹேண்ட்லர் ஓடுவதால் சாதனம் அந்தக் கட்டளையை மறந்துவிட்டது என்று ஆகாது. மெதுவாக இருக்கலாம், 31ஆவது விநாடியில் தரவை நினைவகத்தில் எழுதலாம். உங்கள் நிரல் ரிக்வெஸ்டை முதலில் எரரோடு முடித்துவிட்டு, பிறகு கன்ட்ரோலரை நிறுத்தினால், இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பக்கங்கள் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குப் போயிருக்கும். சாதனம் பழைய முகவரியில் எழுதும். நீங்கள் விவரிக்கும் அறிகுறி இதுதான்.

முதலில், கட்டளை உண்மையிலேயே முடியவில்லையா என்று கம்ப்ளீஷன் க்யூவை (முடிந்த கட்டளைகளின் வரிசை) படித்துப் பாருங்கள். சில நேரம் வேலை முடிந்திருக்கும், இன்டரப்ட் மட்டும் தொலைந்திருக்கும். முடியவில்லையென்றால் க்யூக்களைக் குவெய்ஸ் செய்து, புது ரிக்வெஸ்ட் வராமல் தடுங்கள். அடுத்து கன்ட்ரோலரை நிறுத்தி, *நின்றுவிட்டது* என்று அது சொல்லும்வரை காத்திருங்கள். என்விஎம்ஈ (பிசிஐ வழி எஸ்எஸ்டி) வகையில் எனேபிள் பிட்டை 0 ஆக்கி, ரெடி பிட் 0 ஆகும்வரை பார்க்க வேண்டும். அதிகபட்சக் காத்திருப்பைச் சாதனமே தன் திறன்களைக் காட்டும் கேப் ரெஜிஸ்டரில் 500 மில்லிசெகண்ட் அலகில் சொல்கிறது. 8 பிட் புலம் என்பதால் 127.5 விநாடிவரை போகலாம். ‘2 விநாடி போதும்’ என்று நீங்களாக வைத்த எண் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால், பிசிஐ பஸ்-மாஸ்டர் பிட்டை அணைத்து டிஎம்ஏவைத் துண்டியுங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் நிலுவை ரிக்வெஸ்ட்களை முடிப்பதோ மீண்டும் வரிசையில் சேர்ப்பதோ.

எஸ்சிஎஸ்ஐ (வட்டுகளுக்கான இன்னொரு கட்டளை முறை) டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே அபார்ட், டிவைஸ், டார்கெட், பஸ், ஹோஸ்ட் என்று எரர் ஹேண்ட்லர்கள் படிப்படியாக அழைக்கப்படும். அனைத்தும் தோற்றால் சாதனம் ஆஃப்லைனாகும். இந்த ஹேண்ட்லர்கள் திருப்ப வேண்டிய ‘சக்சஸ்’ஸின் மதிப்பு 0 அல்ல, ஹெக்ஸில் 2002. ‘வெற்றி என்றால் 0’ என்ற பழக்கத்தில் 0 திருப்பினால், அபார்ட் வென்றாலும் தோற்றதாகவே கணக்காகி, தேவையின்றி ஹோஸ்ட் ரீசெட்வரை போகும். மறுபக்கம், அபார்ட்டுக்கு ‘சக்சஸ்’ திருப்புவது ‘இந்தக் கட்டளையை இனி நான் தொடமாட்டேன்’ என்ற வாக்கு. அதன்பின் இன்டரப்ட் ஹேண்ட்லர் அதை முடிக்க முயன்றால் பழைய கதைதான்.

கேள்வி: சாதனத்தை ஓட்டத்திலேயே பிடுங்கினால் ஒரு சிபியு 100 சதவீதத்தில் மாட்டிக்கொள்கிறது.

பதில்: ‘பிஸி பிட் 1ஆக இருக்கும்வரை சுற்று’ என்ற லூப் எங்கோ இருக்கிறது. இல்லாத பிசிஐ சாதனத்திலிருந்து படித்தால் எல்லாப் பிட்டும் 1ஆக வரும்; பிஸி பிட்டும் அதில் அடக்கம். படித்த மதிப்பில் 32 பிட்டும் 1 என்றால் ஈநோடெவ் (‘சாதனம் இல்லை’ என்னும் எரர்) திருப்பி வெளியேறுங்கள். லூப்பை நீங்களே எழுதாமல், காலக்கெடுவோடு படிக்கும் ரீட்எல்_போல்_டைம்அவுட் பயன்படுத்துங்கள்.

கையால் எழுதிய லூப்பில் இன்னொன்றும் மறைந்திருக்கும். ‘வைல்’ அடைப்புக்குள் ‘டைம்அவுட்’டுக்குப் *பின்னால்* இரட்டை மைனஸ் இருந்தால், லூப் தீரும்போது மாறியில் மைனஸ் 1 இருக்கும், 0 அல்ல. கீழே ‘டைம்அவுட் 0ஆ’ என்று கேட்கும் வரி ‘இல்லை’ என்கிறது. காலக்கெடு தாண்டியது வெற்றியாகிவிடுகிறது. இரட்டை மைனஸை முன்னால் மாற்றினால் சரியாகும்.

கேள்வி: எழுதும்போது எரர் வந்தது டிமெசேஜில் (கெர்னல் லாக்) தெரிகிறது. ஆனால் புரோகிராமுக்கு எழுத்து வெற்றி என்று போயிருக்கிறது. டிரைவரிலா, மேலேயா கோளாறு?

பதில்: முதலில் டிரைவரைச் சந்தேகியுங்கள். ஒரு ரிக்வெஸ்டைப் பல வன்பொருள் கட்டளைகளாகப் பிரிக்கும் டிரைவரா? அப்படியானால் ஒவ்வொரு கட்டளை முடியும்போதும் ‘ரிக்வெஸ்ட் நிலை = இந்தக் கட்டளையின் நிலை’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது துண்டு தோற்று, மூன்றாவது வென்றால், எரர் அழிந்துபோகிறது. முதலில் வந்த எரரை வைத்துக்கொண்டு, நிலை இன்னும் சுத்தமாக இருந்தால் மட்டுமே மேலெழுத வேண்டும். பல சிபியுக்களில் துண்டுகள் முடியலாம் என்றால் அதை அட்டாமிக்காகச் செய்ய வேண்டும்.

ஃப்ளஷ் கட்டளையின் (வட்டின் கேஷில் உள்ளதை நிரந்தரமாக எழுதச் சொல்வது) முடிவையும் பாருங்கள். தரவு எதையும் சுமக்காத கட்டளை என்பதால் அதன் நிலையைப் புறக்கணித்து 0 திருப்பும் நிரல் இருக்கிறது. கோப்பு வட்டில் சேர்ந்துவிட்டதா என்று புரோகிராம் உறுதிசெய்துகொள்ளும் எஃப்சிங்க்கின் பொருளே அந்த ஒரு விடையில்தான் நிற்கிறது. மேலடுக்கில் மறுமுயற்சியை நம்பவும் முடியாது. எழுதத் தவறிய பக்கங்களைச் சுத்தமானவையாகக் குறித்துவிடுவது கோப்பு முறைமைகளில் நடப்பதே. இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லலாம். 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் இதை எதிர்கொண்டு, எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி லாகிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். உங்கள் டிரைவர் எரரைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பாதுகாப்புக்கும் வேலையில்லாமல் போகிறது.

கேள்வி: இவற்றையெல்லாம் வட்டு கெடும்வரை காத்திராமல் எப்படிச் சோதிப்பது?

பதில்: மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். கெர்னலை ஃபால்ட் இன்ஜெக்ஷன் (வேண்டுமென்றே எரர் புகுத்துவது), அதன் டீபக்எஃப்எஸ் அமைப்பு, ஃபெயில்ஸ்லாப் (நினைவகக் கோரிக்கைகளைத் தோற்கடிப்பது), கேசான், கேமெம்லீக் (நினைவகக் கசிவைக் காட்டுவது), லாக்டெப் (பூட்டுகளின் தவறைக் காட்டுவது) ஆகியவற்றோடு கம்பைல் செய்யுங்கள்.

புரோப் பாதைக்கு ஃபெயில்-என்த் கோப்புதான் மிகச் சிறந்தது. புரோக் கோப்பு முறைமையில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அது இருக்கும். ஒரே புராசஸிலிருந்து அதில் 1 என்று எழுதி, உடனே டிரைவரின் பைண்ட் கோப்பில் சாதன முகவரியை எழுதுங்கள். அந்த த்ரெட்டின் முதல் நினைவகக் கோரிக்கை தோற்கும். பிறகு கோப்பைத் திரும்பப் படியுங்கள். 0 வந்தால் எரர் புகுத்தப்பட்டது. அடுத்து 2, 3 என்று போங்கள். 0க்குப் பதில் பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண் வரும்போது புரோப்பில் அந்த த்ரெட்டின் எல்லாக் கோரிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தோற்கடித்துவிட்டீர்கள் என்று பொருள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கேமெம்லீக்கில் ‘ஸ்கேன்’ எழுதிக் கசிவு பாருங்கள்.

பலர் இதைச் செய்துவிட்டு ‘ஒன்றும் தோற்கவில்லையே’ என்பார்கள். ஃபெயில்ஸ்லாப்பின் இக்னோர்-ஜிஎஃப்பி-வெய்ட் இயல்பாகவே ‘ஒய்’. அதாவது தூங்கக்கூடிய கோரிக்கைகளை அது தொடாது. புரோப்பில் இருப்பவை பெரும்பாலும் ஜிஎஃப்பி_கெர்னல். அதை ‘என்’ ஆக்குங்கள்.

வட்டு எரர்களுக்கு, கியூஇஎம்யூ மெய்நிகர் கணினியில் பிஎல்கேடீபக் மூலம் குறிப்பிட்ட செக்டாரில் எரர் வைத்தால், போலிக் கன்ட்ரோலர் வழியாக உங்கள் டிரைவருக்கே அது வந்து சேரும். எஸ்சிஎஸ்ஐ_டீபக் மாட்யூலை ஆப்ட்ஸ் 2 என்று ஏற்றினால் 4660ஆவது செக்டாரிலிருந்து 10 செக்டார்கள் மீடியம் எரர் தரும்; டிஎம்-ஃப்ளேக்கி குறித்த விநாடிகள் நலமாகவும் குறித்த விநாடிகள் கெட்டும் இருக்கும். ஆனால் இவ்விரண்டும் சோதிப்பது மேலடுக்குகளை. உங்கள் வன்பொருள் டிரைவர் அங்கே ஓடுவதே இல்லை.

கேள்வி: எரர் ஒவ்வொன்றுக்கும் லாக் வரி தேவையா? திருத்தங்களை ஒரே பேட்சாக அனுப்பலாமா?

பதில்: நினைவகத் தோல்விக்கு வரி வேண்டாம், கெர்னலே அச்சிடும்; செக்பேட்ச் கருவியும் அதைச் சுட்டிக்காட்டும். ஐஓ பாதையில் ரேட்லிமிட் வடிவத்தையே பயன்படுத்துங்கள். கெட்டுவரும் வட்டு ஒன்று லாக்கை நிரப்பி முதல் எரரைப் புதைத்துவிடக் கூடாது. புரோப்பில் டெவ்_எர்_புரோப் போட்டால், ‘இன்னும் தயாரில்லை, பிறகு வா’ என்னும் 517ஆம் எண்ணுக்கு வீண் எரர் வரி வராது.

ஒரு பக்குக்கு ஒரு பேட்ச். விளக்கத்தில் எந்தப் படி தோற்றால் என்ன கசிகிறது அல்லது எது இருமுறை விடுவிக்கப்படுகிறது என்று எழுதுங்கள். பக்கை நுழைத்த கமிட்டின் குறைந்தது 12 எழுத்து அடையாளத்தோடு ‘ஃபிக்ஸஸ்’ வரி சேருங்கள். நிலைப் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தப் பதிப்புவரை பின்னோக்கிக் கொண்டுபோவது என்பதை அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். லேபிள் பெயர் மாற்றம் போன்ற ஒழுங்குபடுத்தலைத் திருத்தத்துக்குப் *பின்* தனிப் பேட்சாக வையுங்கள். முன்னால் வைத்தால் பழைய பதிப்புகளில் திருத்தம் பொருந்தாது.